ரேடியோ வீடு காலியாகிறது

பெட்டி கட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சாமான், பூந்தொட்டி, ஒரு தடவை உயிரோடு இரண்டு முயல், எல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் பழுது வந்ததில்லை. அதனால்தான் வீட்டைக் காலி பண்ணுவது என்று முடிவானதும் கண்டக்டரம்மா நேராக என்னிடம் வந்தார். நீங்கள்தான் வந்து கட்டித் தர வேண்டும் அண்ணே என்றார். எதிர்வீடு. மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? சரி என்றேனே தவிர, எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. எவன் வீட்டுச் சாமானை வேண்டுமானாலும் கட்டுவேன். ரேடியோ வீட்டுச் சாமானைக் கட்டக் கை வரவில்லை.

ரேடியோ என்பது ஆள். எங்கள் ஊரிலிருந்து மில் கேட் வரை போய்த் திரும்பும் பஸ்ஸின் கண்டக்டர். காலை ஏழு மணி வண்டியில் ஏறினால் இறங்குவதற்குள் ஊர்ச் செய்தி மொத்தமும் நம் காதில் ஏறிவிடும். யாருக்குப் பல் பிடுங்கினார்கள், யார் வீட்டு மாடு எந்தத் தோட்டத்தில் மேய்ந்தது, பள்ளிக்கூடத்து வாத்தியார் புதுக் கண்ணாடி போட்டது, எல்லாம் டிக்கெட் கிழித்தபடியே வரும். தெரியாதவர் ஏறினால் இன்னும் குஷி. அவருடைய மூன்று தலைமுறையையும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் இறக்கிவிடுவார்.

டிரைவர் அதற்கு நேர் எதிர். ஊர் அவருக்கு வைத்த பெயர் நிதானம். அவசரமாகப் போக வேண்டுமானால் நடந்தே போய்விடு என்று அவர் வண்டியைப் பற்றிச் சொல்வார்கள். வாயைத் திறந்தால் ஏதாவது கீழே விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற மனுஷன். இருபத்தாறு வருஷம் இரண்டு பேரும் ஒரே வண்டி. நிதானம் ரேடியோவை விட மூன்று வயது சின்னவர். அவரை மச்சான் என்றும் அவர் சம்சாரமான கண்டக்டரம்மாவை அக்கா என்றும் கூப்பிடுவார். உறவெல்லாம் ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவானதுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, அதே ஏழு மணி வண்டி. பால் டிப்போ தாண்டியதும் ரேடியோ பேச்சை நிறுத்தினார். நிறுத்தியதே எங்களுக்கு அதிசயம், திரும்பிப் பார்த்தோம். கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவியது. ஆள் அப்படியே இரண்டு சீட்டுக்கு நடுவே சரிந்துவிட்டார். நானும் அந்த வண்டியில் இருந்தேன். கண்ணாடியில் பார்த்த நிதானம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. மில்லுக்குப் போகிறவர்கள், ஆட்டுக்குட்டியோடு ஏறியவர், பரீட்சைக்குப் போகிற பெண் பிள்ளைகள், அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் அடித்தார். அந்த வண்டியால் அந்த வேகத்தில் ஓட முடியும் என்பது வண்டிக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். அரை மணி தாமதமாகியிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவார், ஆனால் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே மாதிரிதான் ஆடும். யாருக்குத்தான் என்ன புரியும்?

பட்டணத்தில் வேலை பார்க்கிற மகள் வந்து பதினைந்து நாள் இருந்தாள். கெட்டிக்காரப் பெண். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். அப்பாவின் இடது கையைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து, ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று இரண்டு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர் தட்ட ஆரம்பித்தார். தெருவே சந்தோஷப்பட்டது. நானும் ஓடிப்போய், நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். இரண்டு தட்டினார். இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

மகள் போன பிறகு எல்லாம் அந்த அம்மா தலையில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் புண் வராமல் பவுடர் போட வேண்டும், குழைய வடித்த சோறு, கஞ்சி, மாத்திரை, துணி துவைப்பு. அந்த அம்மா ஒல்லி உடம்பு. ஆனால் வேலையை விட ரேடியோவின் கோபம்தான் பெரிய பாடாக இருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்வார் அந்த அம்மா. ரேடியோ தட்டுவார், அதன்படி அந்த அம்மா செய்வார், செய்ததும் ரேடியோவுக்கு முகம் சிவந்துவிடும். ஸ்பூனைத் தட்டிவிடுவார். இரண்டு தடவை தண்ணீர்ச் செம்பு பறந்தது. இந்த வியாதியில் கோபமும் அழுகையும் சேர்ந்தே வரும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

நிதானம் தினமும் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்துவிடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசுவார். ஆமாம், நிதானம் பேசுவார். இன்றைக்கு யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், புதுக் கண்டக்டர் யாரை இறக்க மறந்தான் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். அவருக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, முன்னுக்குப் பின் ஆகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். பதில் தட்டும்படி எதையும் கேட்க மாட்டார், ரேடியோ கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சோற்றுத் தட்டு வரும் நேரம் நிதானம் எழுந்துவிடுவார். இருந்தால் தனக்கும் ஒரு தட்டு போட்டுவிடுவார்கள், அந்த அம்மாவுக்கு இருக்கிற வேலை போதாதா என்று நினைப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் போன் பண்ணினாள். தனியாக எத்தனை நாள் கஷ்டப்படுவாய் அம்மா, இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், அப்பாவிடம் கேள் என்றாள். அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார், பொண்ணு வீட்டுக்குப் போயிரலாமா என்று. ஒரு தட்டு. சந்தேகத்துக்கு மறுபடி கேட்டிருக்கிறார். ஓங்கி ஒரு தட்டு. மூன்றாம் தடவை அவர் தட்டிய தட்டில் கட்டில் சட்டத்தில் வைத்திருந்த டம்ளர் உருண்டதாம். கண்ணில் தண்ணீர் வேறு. அப்பாவுக்கு அவ்வளவு ஆசையா என்று அந்தப் பக்கம் மகள் அழுதாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் காலி பண்ணுவதாகச் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மினி லாரி சொல்லியாயிற்று.

நிதானத்திடம் இதைச் சொன்னபோது, சரிக்கா என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் ஒன்பது நாள் அந்தப் பக்கம் வரவில்லை. என் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தியபோது நான் சும்மா விடவில்லை, என்னய்யா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"கேட்டாங்களாம். சரின்னுட்டாராம்" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று ஆரம்பித்தவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார். பின்னால் புதுக் கண்டக்டர் அவசரப்படுத்தினான். கிளம்பிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. அட்டைப்பெட்டி நனையாமல் இருக்கப் பாலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். முன்னறையில் சாமான்கள் மலையாகக் கிடந்தன. அந்த அம்மா ஒரு கரண்டியை எடுத்துக் கொடுப்பார், நான் வைப்பேன், இல்லை, அது நாளைக் காலையில் வேண்டும் என்று திரும்ப எடுப்பார். இப்படி ஒரே கரண்டி மூன்று தரம் பெட்டிக்குள் போய் வந்தது. எனக்கு எரிச்சல். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்க மனசில்லை. ரேடியோ உள்ளறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

பகல் ஒரு மணிக்கு நிதானம் வந்தார். நாளைக்கு வழியனுப்ப முடியாது, டூட்டி, அதனால் இன்றைக்கே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். சட்டை நனைந்திருந்தது, கையில் ஒரு பை ஆரஞ்சு. உள்ளே சோறு ஊட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அதைப் பார்த்ததும் ஆள் வழக்கம்போல வாசலுக்குத் திரும்பினார். நான் விடுவேனா? எனக்குப் பெட்டி பிடிக்க ஆள் வேண்டும். "இந்தாய்யா, சும்மா நிக்கிறதுக்கு இதைப் பிடி" என்று பாத்திரப் பெட்டியை அவர் கையில் திணித்தேன். அவர் பிடிக்க, நான் டேப்பைச் சுற்றினேன். அங்கிருந்து உள்ளறைக் கட்டில் நேராகத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

ரேடியோ இரண்டு தட்டினார். டக் டக். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரேடியோ 'ஆ' என்று கத்தினார். "வேணாம்னுதானே தட்டினீங்க, அப்புறம் எதுக்குக் கோவம்" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டே முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.

பெட்டி என் காலில் விழுந்தது. இரும்புச் சட்டியும் அதில்தான் இருந்தது. நான் நல்லதாக நாலு வார்த்தை திட்டினேன். நிதானம் காதில் எதுவும் விழவில்லை. உள்ளறை வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அவரு ரெண்டு தட்டினாரு."

"ஆமா தம்பி. ரெண்டுன்னா வேணாம்."

"யார் சொன்னது?"

"பாப்பாதான் சொல்லிக்குடுத்துட்டுப் போச்சே. ஒன்னுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல."

நிதானம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அக்கா, ரெண்டுன்னா போ. ஒன்னுன்னா நில்லு."

எனக்கு மண்டையில் உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பஸ்ஸில் மணி இழுக்கிற கயிறு அறுந்து எத்தனையோ வருஷம். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரேடியோ ஜன்னலுக்கு மேலே உள்ள தகரத்தில் கையால் தட்டுவார். ஒன்று தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். ஊரோடு அத்தனை பேச்சுப் பேசிய மனுஷன் டிரைவரோடு வண்டியில் பேசியதெல்லாம் இது ஒன்றுதான். பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன், தினம் இருபது தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பார்சலோடு சேர்த்து என் மூளையையும் எங்கோ கட்டி அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது.

நிதானம் உள்ளே போனார். ஸ்டூலைப் போடவில்லை. கட்டிலுக்கு முன்னால் தரையில், ரேடியோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பஸ்ஸில் அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்.

"மச்சான், சோறு போலாமா?"

டக் டக்.

அந்த அம்மா அவசரமாகத் தட்டை எடுத்து வந்தார். ஒரு வாய். டக் டக். இன்னொரு வாய். டக் டக். தட்டு காலியாகி, சட்டியிலிருந்து இன்னொரு கரண்டி வைத்து, அதிலும் பாதி போனது. அப்புறம் ஒன்று. டக். ரேடியோ தலையணையில் சாய்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நாலு மாதத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா ஸ்பூனைப் பிடித்தபடி நின்றார். "நாலு மாசமா பாதி வயிறுதானா? நான் கேட்டுக் கேட்டு எடுத்துட்டுப் போனேனே" என்றார். ஃபேன் போடவா என்று கேட்டு அவர் தட்டியதும் போடாமலே வந்தது, ஜன்னலைத் திறக்கவா என்று கேட்டுச் சாத்தியே வைத்தது, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது அவருக்கு. போதுமா என்று கேட்டபோதெல்லாம் ஒன்று தட்டியிருக்கிறார், அது எப்படிப் பார்த்தாலும் சரியாகவே வந்திருக்கிறது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை அக்கா என்று நிதானம் தனக்குத் தெரிந்த மட்டும் சமாதானம் சொன்னார். எனக்கு என் கேள்வி ஞாபகம் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டேனே, வண்டி ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். நான் அழுதுகொண்டு வந்திருக்கிறேன்.

நிதானம் இன்னும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"மச்சான், பொண்ணு வீட்டுக்குப் போலாமா?"

டக்.

ஒன்றுதான். கட்டில் சட்டம் அதிர்ந்தது. மூன்று பேரும் அடுத்தது வருமா என்று காத்திருந்தோம், வரவில்லை. நிதானத்தின் முதுகு குலுங்கியது. ரேடியோ இடது கையை எட்டி அவர் தோளில் வைத்தார். நான் டேப்பின் நுனியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மகளுக்குப் போன் போட்டோம். அவள் நம்பவில்லை. எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன், அப்பாவுக்குப் புரிந்தது மாமா என்றாள்.

"புரிஞ்சிருக்கும்மா. கைக்குப் புரியல" என்றார் நிதானம். "நீ சொன்னது ரெண்டு நாளு. அது தட்டுனது எத்தனை வருஷம். புதுசு ஏறல, பழசு இறங்கல. அவ்வளவுதான்."

அவளே ஸ்பீக்கரில் கேட்டாள். அப்பா, இங்க வர்றீங்களா? ஒன்று. பிறகு, அப்ப மாசத்துக்கு ஒரு தடவை நான் வரட்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் டக் டக் என்று விழுந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். லாரிக்காரனுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அந்த ஆள் எனக்குப் பயப்படுவார்.

இனி என்ன, கட்டியதையெல்லாம் பிரிக்க வேண்டியதுதான். கத்தியை எடுத்து முதல் பெட்டியைக் கீறினேன். என் கட்டை நானே பிரிப்பது இதுதான் முதல் தடவை, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அம்மா வரவில்லை. சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவர் முகம் வெளிறிக் கிடந்தது. நிதானம் போய் எதிரே குந்தினார்.

"என்னக்கா?"

"அன்னிக்குக் காலைல கை மரத்துப் போகுதுன்னாரு தம்பி" என்றார் அந்த அம்மா. யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "சட்டைப் பட்டன் போட வரலன்னாரு. நான்தான் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு, லீவு போடச் சாக்கு தேடாதீங்க, கிளம்புங்கன்னு நானே வாசல் வரைக்கும் தள்ளிட்டு வந்து அனுப்பினேன். யாருக்கும் தெரியாது. பாப்பாவுக்கும் தெரியாது."

நிதானம் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தார்.

"அவரு தட்ட ஆரம்பிச்ச அன்னிக்கு, பாப்பா மருந்து வாங்கப் போயிருந்தா. நான் முதல்ல கேட்டது அதுதான். என் மேல கோவமான்னு கேட்டேன். ஒன்னு தட்டினாரு." அவர் உள்ளங்கையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தார். "அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஸ்பூனைத் தட்டிவிடும்போதெல்லாம் சரி, என் கையால வாங்கிக்கப் பிடிக்கலன்னு நினைச்சுக்குவேன். பொண்ணு வீட்டுக்குன்னு கேட்டதும் அப்படித் தட்டினாரே, என்னை விட்டுத் தொலையணும்னு இருக்காருன்னுதான் சரின்னேன். அவ கையாலயாவது நிம்மதியா சாப்பிடட்டும்னு."

நாலு மாதம் இதை வயிற்றில் கட்டிக்கொண்டா அந்த மனுஷனைப் புரட்டினார், துடைத்தார், ஊட்டினார்? எதிர்வீட்டில் இருந்துகொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன்?

"போய்க் கேளுங்கக்கா" என்றார் நிதானம்.

"வேணாம் தம்பி. பயமா இருக்கு."

"கேளுங்க. நாங்க வெளிய நிக்கிறோம்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த சிமெண்டுப் பலகைக்கு அடியில் ஒண்டிக்கொண்டோம். முதுகு நனைந்தது. ஜன்னலைத் திறக்கவா என்று அவரிடம் கேட்டு அப்போதுதான் திறந்து வைத்திருந்தார்கள், அதனால் காதைப் பொத்தினாலொழிய கேட்காமல் இருக்க முடியாது. நாங்கள் பொத்தவில்லை.

பிறகு அந்த அம்மாவின் குரல்.

"என் மேல கோவமா?"

டக்.

"நான்தானே அன்னிக்கு உங்கள..."

டக்.

"பட்டன் போட வரலன்னு சொன்னப்பவே நான் புரிஞ்சுக்கிட்டு..."

டக். கொஞ்சம் ஓங்கி.

"இல்லங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

டக். வாயெடுத்தவரை முடிக்கவிடவில்லை. நிதானம் என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் ஓடியது மழையா வேறா என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அதே கதிதான்.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், இத்தனை நாள் நான் அந்த வீட்டில் கேட்டிராத சின்னக் குரலில் ஒரு கேள்வி.

"பக்கத்துல உக்காரட்டுமா?"

டக் டக்.

கட்டில் கிறீச்சென்றது.